மேவிஸ் எழுதாமல் விட்ட பக்கம்

மேவிஸ் ஓல்மனுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பது வருடம், அடுத்தவர் கற்பனையைத் தூசு தட்டி மேடையில் நிறுத்துவதிலேயே போயிற்று. ஒரு பெரிய இயக்குநர் ஓர் ஊரில் ஓபரா ஒன்றை மேடையேற்றுவார். நன்றாகப் போனால் அதன் காட்சித் தட்டிகளும் உடைகளும் லாரி ஏறி ஊர் ஊராகப் போகும். பெரியவர் போகமாட்டார், அவருக்கு ஐரோப்பாவில் வேலை இருக்கும். அவருக்குப் பதிலாக மேவிஸ் போவாள். கையில் மேடைக் குறிப்பேடு இருக்கும். ஒரு பக்கம் இசைக்குறிப்பு, எதிர்ப்பக்கம் வெள்ளைத்தாள். அந்தத் தாளில் யார் எந்த வரியில் எங்கே நடக்க வேண்டும், எந்தக் கையால் கோப்பையை எடுக்க வேண்டும் என்றெல்லாம் பென்சிலில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு, புதுப் பாடகர்களுக்கு மூன்றே வாரத்தில் பழைய ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவாள். விமர்சனத்தில் பெரியவர் பெயர் வரும். மேவிஸின் பெயர் நிகழ்ச்சிக் கையேட்டில் முடி அலங்காரக்காரருக்கு மேலே சின்ன எழுத்தில் வரும். சில ஊர்களில் கீழே வரும்.

பிறந்தது தெற்கு டகோட்டாவில், பால் பண்ணைக் குடும்பத்தில். பியானோ வாசிக்கப் படித்தாள். வாசிக்கிற கை சுமார்தான், ஆனால் மேடையில் பத்துப் பேர் நின்றால் அதில் எவன் பொய்யாக நிற்கிறான் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு என்ன தொழில் செய்வது? ஓபராவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தாள். சேர்ந்தவள் சேர்ந்தபடியே இருந்துவிட்டாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. கணவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியக்குழு ஆசிரியர், தங்கமானவர். ஆறு வருடம் பொறுத்திருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "மேவிஸ், நீ வீட்டுக்கு வந்தா நம்ம நாய் குரைக்குது. திருடன்னு நெனைக்குது. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" அதோடு பிரிந்தார்கள். நாயை அவரே வைத்துக்கொண்டார்.

அவள் வாழ்க்கையில் அதிகத் தடவை மேடையேற்றிய ஓபரா 'சுரங்க வாசல்'. ஆகஸ்ட் ரென்ஷா என்ற மகா இயக்குநர் மினியாபொலிஸில் முதலில் செய்தது. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. தலைவனாக இருக்கிற பையன் அம்மாவின் வீட்டில் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கம்பெனி ஆட்கள் வந்து பிடிக்கிறார்கள். 'இவன் உன் மகனா?' என்று அவளிடம் கேட்கிறார்கள். ஆமாம் என்றால் தேடுகிற ஆள் இவன்தான் என்று தெரிந்துவிடும். 'இவனை நான் பார்த்ததே இல்லை' என்று பாடுகிறாள். அப்படியும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு நான்கு நிமிடம் இசை மட்டும்தான், ஒரு சொல் கிடையாது. மேடையில் அம்மா மட்டும் இருப்பாள். திரை விழும்.

அந்த நான்கு நிமிடத்தில் அவளை அசையாமல் நிறுத்தியது ரென்ஷாவின் மேதைமை என்று உலகமே எழுதிவிட்டது. கல்லூரியில் பாடம்கூட நடத்துகிறார்கள். பேட்டிகளில் ரென்ஷாவும், 'அசையாமல் நிற்பதுதான் மேடையில் மிகப் பெரிய அசைவு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

உண்மை வேறு. மினியாபொலிஸில் ரென்ஷாவுக்கு உதவியாளாக இருந்தபோது மேவிஸுக்கு இருபத்தாறு வயது. கடைசிக் காட்சியை ஒத்திகைக்கு எடுப்பதற்கு முந்தின நாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. மூன்று வாரம் பண்ணை வீட்டில் கிடந்தாள். ஒத்திகையும் பார்க்கவில்லை, ஆட்டமும் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் விடுபட்டதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலையும் வந்தது, இது மறந்தே போயிற்று. மறு வருடம் டென்வரில், முதல்முறையாகத் தனியாக நின்று அந்தக் காட்சியைச் சொல்லிக்கொடுக்கக் குறிப்பேட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கம் வெறும் வெள்ளை. மினியாபொலிஸ் ஆட்டத்தைப் பிடித்த ஒளிப்பதிவு நாடாவும் அந்தக் காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பே தீர்ந்திருந்தது. அறையில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ரென்ஷா ஜெர்மனியில் இருக்கிறார், போனில் கேட்டால் ஊரே கூடும்படி கத்துவார். எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்த வயதில் வாய் வருமா? அம்மா வேடக்காரி, சிடுசிடுப்பான பெரிய பாடகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"நாலு நிமிஷமா?"

"நாலு நிமிஷமும். நில்லுங்க, போதும்."

"ரென்ஷா அப்படியா சொன்னார்?"

"அப்படித்தான் சொன்னார்," என்று மேவிஸ் புளுகினாள்.

முதல் நாள் திரை விழுந்து வெகுநேரம் யாரும் கைதட்டவில்லை. பிறகு கூரை போகிற மாதிரி தட்டினார்கள். மேவிஸ் அறைக்கு வந்து அந்த வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் 'நிற்கிறாள்' என்று எழுதினாள். டென்வரோடு சேர்த்து இருபத்தெட்டு ஊர். மேவிஸும் வாயைத் திறக்கவில்லை, ரென்ஷாவும் திறக்கவில்லை.

இருபத்தொன்பதாவது ஊர் விஸ்கான்சினில் இருக்கிற கிரீன் பே. அங்கே 'ஃபாக்ஸ் ஆற்று ஓபரா' என்று ஒரு சின்னக் கம்பெனி. கால்பந்து அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்துக்கு நாள் குறிப்பார்கள், இல்லாவிட்டால் அரங்கில் ஈ ஓட்ட வேண்டும். மேவிஸைப் புரவலர் ஒருவரின் வீட்டு நிலவறையில் தங்கவைத்தார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். சுவர் முழுக்க அவர் சுட்ட மான் தலைகள். காலையில் காபி குடிக்கும்போது பதினொரு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன.

கம்பெனியின் தலைவர் வெண்டெல் கிராஸ், அவளுக்கு இருபது வருடப் பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவர்கள் ஒரு புத்தம்புது ஓபரா செய்யப்போகிறார்கள். அதை இயக்கக் கொடுங்கள் என்று மேவிஸ் கேட்டு எழுதியிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டது.

"உங்கிட்ட குறையே கிடையாது," என்றார் வெண்டெல், தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஆனா நிர்வாகக் குழுவுல கேக்கறாங்களே, அந்தம்மா சொந்தமா என்ன பண்ணியிருக்காங்கன்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

"இருபத்தெட்டு ஊர்ல 'சுரங்க வாசல்'..."

"அது ரென்ஷாவோடது, மேவிஸ்."

அதில் நாலு நிமிஷம் என்னோடது என்று தொண்டை வரை வந்தது. மீனோடு சேர்த்து விழுங்கினாள். முப்பது வருடம் கழித்து, எண்பத்துநாலு வயதுக் கிழவரிடமிருந்து பிடுங்கினாள் என்றுதானே ஊர் சொல்லும்?

"இந்தா பாரு," என்றார் வெண்டெல். "ரென்ஷாவே இறுதி ஒத்திகைக்கு வர்றாராம். நீ இதை அச்சு மாறாம நிறுத்து. அவர் நல்லதா ஒரு வார்த்தை சொல்லட்டும். அதை வெச்சு உனக்காக நான் குழுவுல சண்டை போடறேன்."

இவ்வளவுதான் கணக்கு. பழையதைப் பிசகாமல் செய்தால் புதியது கிடைக்கும். ஒப்பந்தத்திலும் அப்படியே போட்டிருந்தது: ரென்ஷாவின் அமைப்பில் விரல்கூட மாறக்கூடாது. மாற்றினால் இந்த வேலை போவது மட்டுமல்ல, நாட்டில் எந்தக் கம்பெனியும் பழைய ஆட்டத்தைத் தூக்கிநிறுத்த அவளைக் கூப்பிடாது. குறிப்பேட்டை மீறுகிறவளை நம்பி யார் லாரி அனுப்புவார்கள்?

அம்மா வேடத்துக்கு ஓட்டிலி பிராண்ட்வோல்ட் வந்திருந்தாள். நாற்பத்தாறு வயது, பக்கத்து ஊரான டி பியரில் பிறந்தவள், மனதில் பட்டதைப் போட்டு உடைக்கிறவள். கடைசிக் காட்சியை ஒருதரம் செய்துபார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மேவிஸ், நான் இதைப் போன வருஷமே டல்சாவுல நின்னு முடிச்சாச்சு. கீழ எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் அழலே. மூணாவது நிமிஷத்துல காரைப் பூட்டினேனான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"அசையாம இருக்கறது கஷ்டம்தான். ரென்ஷா என்ன சொல்வார்னா, துக்கத்துக்குக் கால் கிடையாதுன்னு..." இதுவும் அவளே சொந்தமாக ஜோடித்ததுதான். இதுபோல ஒரு டஜன் கைவசம் வைத்திருந்தாள்.

"ரென்ஷா கெடக்கட்டும். அவரு சொல்றதைப் பத்து வருஷமா கேட்டாச்சு. நீ சொல்லு. அவன் போயிட்டான். நீ அந்த அம்மா. நீ என்ன பண்ணுவே?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எல்லோரும் குறிப்பேட்டைக் கேட்டார்கள், அவள் குறிப்பேட்டைச் சொன்னாள். மேவிஸ் குறிப்பேட்டை மூடினாள். பியானோக்காரரையும் மற்றவர்களையும் காபிக்கு அனுப்பிவிட்டு, அம்மை போட்டதிலிருந்து டென்வர் வரைக்கும் எல்லாவற்றையும் ஓட்டிலியிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது காது மடல் சிவந்துபோயிற்று.

ஓட்டிலி சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. "அடிப்பாவி! டல்சாவுல நாலு நிமிஷம் நான் நின்னது உனக்கு அம்மை போட்டதுக்கா?"

"மெதுவாப் பேசு."

"சரி, சொல்லு. அப்ப ஏன் நிக்கச் சொன்னே?"

"வேற தெரியலே. இருபத்தேழு வயசுல பயந்தா நான் அப்படித்தான் நிப்பேன்."

"இப்ப?"

மேவிஸ் மேடைச் சாமான்களைப் பார்த்தாள். மேஜை மேல் பையன் பாதியில் விட்டுப்போன தட்டு இருந்தது. அவனை இழுத்துப்போகிற களேபரத்தில் இருபத்தெட்டு ஊரிலும் அதை யாரும் கவனித்ததில்லை. அவள் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். பண்ணையில் யார் தட்டில் எது மீந்தாலும், நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவள்.

"உக்காரு," என்றாள். "அவன் நாற்காலியில. அவன் கரண்டியை எடு. சாப்பிடு."

ஓட்டிலி உட்கார்ந்தாள். தட்டில் இருந்தது காகிதக்கூழ் உருளைக்கிழங்கு. சும்மா பாவனை செய்தாள். மேவிஸே பியானோவில் உட்கார்ந்து, தன் சுமாரான கையால் அந்த இசையை வாசித்தாள். முதல் வாய்க்கே ஓட்டிலியின் தோள் ஒரு பக்கம் சரிந்தது. நான்காவது வாயில் வாசிப்பதை மேவிஸ் நிறுத்திவிட்டாள். கண்ணீர் மறைத்துத் தாள் தெரியவில்லை.

"நிஜ உருளைக்கிழங்கு வேணும்," என்றாள் ஓட்டிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெண்ணெய் போடாதது. தொண்டையில சளி கட்டும்."

"பாலுக்குப் பேர்போன விஸ்கான்சின்ல வெண்ணெய் இல்லாம உருளைக்கிழங்கா? நம்மளைக் கைது பண்ணிடுவாங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மேவிஸுக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி. இரண்டும் ஒன்றாக வந்து அவளுக்குப் பழக்கமில்லை.

இறுதி ஒத்திகைக்கு ரென்ஷா வந்தார். உயரம் குறைந்து, கோட்டு மட்டும் பழைய அளவில் தொங்கியது. வெண்டெல் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பத்தாவது வரிசையில் உட்காரவைத்தார். மேவிஸ் நான்கு வரிசை முன்னால், சின்ன விளக்கு வைத்த மேஜையில் இருந்தாள். வாத்தியக்குழு வந்துவிட்ட பிறகு இயக்குநருக்கு அந்த மேஜைதான் எல்லை. இசையை நிறுத்தச் சொல்லும் உரிமை இசை நடத்துநருக்கு மட்டும்தான் உண்டு. மற்ற யாரும், ராஜாவே வந்தாலும், எழுதித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டிலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள்.

"நிறுத்து!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நிறுத்துன்னு சொல்றேன்!"

நடத்துநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோல் அதன்பாட்டுக்கு அசைந்தது. கிழவர் கைத்தடியை ஊன்றி நடைபாதையில் இறங்கி வந்தார். மேவிஸின் மேஜை வரைக்கும் வந்து, மூச்சு வாங்க, அங்கேயே நின்றார். இசை முடிகிறவரை அவருக்கும் வேறு வழியில்லை. பார்த்தார். ஓட்டிலி கடைசி வாயையும் சாப்பிட்டு, தட்டை வழித்து, கரண்டியை வைத்தாள். திரை விழுந்தது.

"என் நாலு நிமிஷம் எங்கே?" என்றார் ரென்ஷா.

வெண்டெல் முகம் வெளுத்து ஓடிவந்தார். "மேவிஸ், இது என்ன இது? எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

"சொன்னா விட்டிருக்க மாட்டே," என்றாள் மேவிஸ். பிறகு எழுந்து நின்றாள். "ஐயா, அது உங்களோடது இல்லே. எனக்கு அம்மை போட்டிருந்தது. பக்கம் காலியா இருந்தது. டென்வர்ல நிக்கச் சொன்னது நான்."

"தெரியும்," என்றார் கிழவர்.

எழுந்து நின்ற மேவிஸ் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வெச்சது எனக்குத் தெரியாதா? கதவுகிட்ட ஓடி, முட்டி, கீழ விழணும். டென்வர்ல கடைசி ஆட்டம் பாக்க வந்தேன். என் கதவைத் தேடினேன். அவ நின்னுட்டே இருந்தா. என்னோடதைவிட நூறு மடங்கு மேல். இதை யார் பண்ணாங்களோ அவங்க வந்து கேப்பாங்கன்னு உக்காந்திருந்தேன். நீ வரலே. வருஷக்கணக்கா வரலே. கேக்க ஆளில்லாத பொருள் எங்கிட்டயே தங்கிடுச்சு." கைத்தடியால் தரையைத் தட்டினார். "இப்ப அதைத் தூக்கிப்போட்டுட்டு ஒரு தட்டுக் கிழங்கை வெச்சிருக்கே!"

"என்னோடதுதானே? தூக்கிப்போட எனக்கு உரிமை இருக்கு."

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். அவள் வாயிலிருந்துதானா வந்தது? ரென்ஷா அவளை முறைத்தார். பிறகு வெண்டெலிடம் திரும்பினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பழையபடி நிக்கணும். இல்லேன்னா என் பேரை எடுத்துடு. எனக்குத் தெரியாத சமையலுக்கு நான் பொறுப்பு இல்லே."

மறுநாள் காலையில் ஓட்டிலி நிலவறைக்கே வந்துவிட்டாள். "நான் நிக்கறேன், மேவிஸ். எனக்காக நீ பொழைப்பைக் கெடுத்துக்காதே. காரைப் பத்தியே நெனைச்சிட்டு நின்னுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் மேவிஸ்.

நேரே வெண்டெலின் அறைக்குப் போனாள். அவர் தூங்கியதாகத் தெரியவில்லை.

"அவர் பேரை எடுத்துடு," என்றாள்.

"நல்லா யோசிச்சியா? இனிமே பழைய ஆட்டத்துக்கு உன்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க. புதுசையும் என்னால கேட்டு வாங்க முடியாது. ரெண்டும் போச்சு."

"தெரியும். இருந்தாலும் எடுத்துடு."

வெண்டெல் பெருமூச்சு விட்டார். கையேடு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. இனி துண்டுச் சீட்டு அடித்து ஒவ்வொன்றிலும் செருக வேண்டும். பேனாவை எடுத்து, 'மேடை இயக்கம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். விதிப்படி அந்த இடத்தில் யார் பெயராவது இருந்தாக வேண்டும். வேறு யாரைப் போடுவது? எழுதினார். தலைகீழாகத் தெரிந்த எழுத்தை மேவிஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தாள். அவள் பெயர் மட்டும் இருந்தது, பக்கத்தில் உதவி என்றோ ரென்ஷாவின் அமைப்பின்படி என்றோ எதுவும் இல்லை. தன் பெயரை எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிய கிழவர் அவளுக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வேண்டுமென்றேதான் செய்தாரா, கோபத்தில் செய்தாரா, அவளுக்கு விளங்கவே இல்லை.

தொடக்க நாள் ஆட்டம் முடிந்தபோது கிரீன் பேக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கால்பந்துக்குத் தவிர எழாத ஆட்கள். ஓட்டிலி பக்கத் திரைக்குள் வந்து மேவிஸின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். வணங்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தவள், தனக்கு இடமே குறித்துவைக்கவில்லை. கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமே இல்லை.

வெண்டெல் சொன்னபடி, பழைய ஆட்டங்களுக்கான அழைப்பு அந்த வசந்தத்தோடு நின்றுபோயிற்று. புது ஓபராவை இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு குழு அவளுக்கே கொடுத்தது. ஆனால் அந்த நாளில் இது எதுவும் இன்னும் நடந்திருக்கவில்லை. கூடத்தில் கோட்டுகள் தொங்குகிற இடத்துக்கு அவள் வந்தபோது, ரென்ஷா ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகத் தன் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகாமல் இருந்து பார்த்திருக்கிறார்! மேவிஸ் பின்னால் போய் கோட்டைப் பிடித்தாள்.

"தட்டை வழிக்கக் கூடாது," என்றார் அவர், திரும்பாமலே. "கடைசியில ஒரு வாய் மிச்சம் வைக்கணும். பையனுக்கு."

ஒரு வாய்! மூன்று வாரமாக மேவிஸின் கண்ணில் படவே இல்லை. பாழாய்ப்போன கிழவர், இன்னமும் அவர் அவர்தான்.

"இனிமே முடியாதே, ஐயா. தொடக்க நாள் முடிஞ்சா நான் எதையும் தொடக்கூடாது. நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்பியாகணும்."

"இந்த ஊருக்கு இல்லே. அடுத்த ஊருக்கு வெச்சுக்கோ."

"வெச்சுக்கிட்டா அதை யாரோடதுன்னு சொல்றது?"

இரண்டாவது கையும் உள்ளே போயிற்று. ரென்ஷா பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உன்னோடதுன்னு சொல்லு," என்றார். "ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. முப்பது வருஷமா நான் அப்படித்தானே சொன்னேன்."